கரண்டிரு சிறையும் ‘மானிஃபெஸ்ட்’ பாடலும்: மெட்டல் ரசிகர்களின் வாதம் ஏன் ஓயவில்லை?

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில் 2025 அக்டோபர் 28-ஆம் தேதி நடந்த போலீஸ் நடவடிக்கையில் 120-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். போலீஸ்காரர்கள் சிலரும் அதில் மாண்டனர். போதைப் பொருள் கடத்தும் ‘கமாண்டோ வெர்மெல்யோ’ கும்பலைப் பிடிப்பதற்காகச் சுமார் 2,500 பேர் கொண்ட படை பெஞ்ஞா, அலெமாவ் ஆகிய குடிசைப் பகுதிகளுக்குள் நுழைந்தது. மறுநாள் காலையில், மலைச்சரிவுக் காட்டில் கிடந்த உடல்களைக் குடியிருப்பாளர்களே சுமந்து வந்து பொதுச் சதுக்கத்தில் வரிசையாகக் கிடத்தினர். அந்தப் படங்களை உலகம் பார்த்தது.

அன்றைய செய்திகளில் ஒரு பழைய பெயர் திரும்பத் திரும்ப வந்தது: கரண்டிரு. 1992-இல் சாவ் பாலோ நகரின் கரண்டிரு சிறையில் 111 கைதிகள் கொல்லப்பட்டனர். பிரேசில் போலீசின் ஒரே நடவடிக்கையில் இறந்தோர் எண்ணிக்கையில் 33 ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த அந்தத் துயரத்தை ரியோ மிஞ்சிவிட்டது.

மலேசியத் தமிழ் வாசகர்களில் பலருக்குக் கரண்டிரு புதிய பெயராக இருக்கலாம். ஆனால், 1990-ஆம் ஆண்டுகளில் ஹெவி மெட்டல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழகிய பெயர். பிரேசிலின் செபுல்துரா குழு 1993-இல் வெளியிட்ட ‘கேயாஸ் ஏ.டி.’ தொகுப்பின் பத்தாவது பாடல் ‘மானிஃபெஸ்ட்’. அது முழுக்க முழுக்கக் கரண்டிருவைப் பற்றியது. அக்குழுவின் புகழ்பெற்ற பாடல்களின் பட்டியலில் அது வருவதில்லை. அதைப் பற்றி ரசிகர்களிடையே ஒத்த கருத்தும் இல்லை. அந்தக் கருத்து வேறுபாடுகளுக்குப் பின்னால் இசை ரசனையைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அரசாங்கத்தின் கையால் நிகழும் மரணத்தை யார், யாருக்காக, எந்த மொழியில் பதிவு செய்வது என்பதே அந்தக் கேள்வி.

அந்த வெள்ளிக்கிழமை நடந்தது என்ன?

1992 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. கரண்டிரு அப்போது 7,000-க்கும் மேற்பட்ட கைதிகளை அடைத்து வைத்திருந்த, லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய சிறைகளில் ஒன்று. அதன் ஒன்பதாம் கட்டடத்தில் கைதிகளுக்கிடையே மூண்ட சண்டை கலவரமாக மாறியது. சாவ் பாலோ மாநிலத்தின் ‘இராணுவப் போலீஸ்’ உள்ளே அனுப்பப்பட்டது. பெயரில் இராணுவம் என்று இருந்தாலும், பிரேசிலில் சீருடையுடன் தெருக்களைக் காவல் காக்கும் மாநிலப் போலீஸ்தான் அது. கர்னல் உபிராதான் குய்மராயிஸ் அந்த நடவடிக்கைக்குத் தலைமை தாங்கினார்.

முடிவில் 111 கைதிகள் இறந்து கிடந்தனர். போலீஸ் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த ஒன்பதாம் கட்டடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் முதல்முறை சிறைக்கு வந்தவர்கள். இறந்தவர்களில் 80-க்கும் மேற்பட்டோர் வழக்கு முடியாமல், தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் அன்றுவரை குற்றவாளிகளே அல்லர்.

மறுநாள் அக்டோபர் 3, நகராட்சித் தேர்தல். முதலில் எட்டுப் பேர் இறந்ததாக மட்டுமே சொல்லப்பட்டது. உண்மையான எண்ணிக்கை வாக்களிப்பு முடியும் தறுவாயில்தான் வெளியே வந்தது. பிரேசில் மக்கள் இன்றும் கசப்போடு நினைவுகூரும் விவரம் இது.

அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை ஆணையம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், இந்தச் சாவுகளுக்குப் பிரேசில் அரசே பொறுப்பு என்று கூறியது. சிறையின் கட்டடங்கள் 2002-இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. இன்று அந்த இடத்தில் ‘இளைஞர் பூங்கா’ இருக்கிறது. பொது நூலகமும் இருக்கிறது.

பாடலா, செய்தி அறிக்கையா?

செபுல்துரா என்றால் போர்த்துகீசிய மொழியில் கல்லறை. பெலோ ஒரிசோந்தே நகரில் 1984-இல் தொடங்கிய இக்குழுவில், ‘கேயாஸ் ஏ.டி.’ வந்தபோது மேக்ஸ் கவலேரா, அவருடைய தம்பி இகோர், ஆன்ட்ரியாஸ் கிஸ்ஸர், பாவ்லோ ஜூனியர் ஆகிய நால்வர் இருந்தனர். மூன்றாம் உலக நாடு ஒன்றிலிருந்து கிளம்பி உலக மெட்டல் இசையின் முன்வரிசைக்கு வந்த முதல் குழுக்களில் இதுவும் ஒன்று. கரண்டிரு சம்பவம் நடந்த அதே 1992-இல் இக்குழு நமக்குப் பக்கத்து நாடான இந்தோனேசியாவிலும் மேடையேறியது.

மலேசியாவில் மெட்டல் என்றாலே 2000-ஆம் ஆண்டுகளில் எழுந்த ‘பிளாக் மெட்டல்’ சர்ச்சையும் போலீஸ் சோதனைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பேய், பிசாசு, கல்லறைப் படங்கள் என்று ஒரு பக்கம் உண்டு என்பது உண்மையே. ஆனால் போர், வேலையின்மை, போதைப் பழக்கம், அரச வன்முறை ஆகியவற்றைப் பேசும் பாடல்களும் மெட்டலில் தொடக்கம் முதலே உள்ளன. ‘கேயாஸ் ஏ.டி.’ தொகுப்பு அந்த வழியில் வந்தது. இந்தத் தொகுப்பில் குவாரானி-கையோவா பழங்குடி மக்களின் எதிர்ப்பை நினைவூட்டும் ஓர் இசைக்கோவை இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவின் வேக்கோ நகரில் நடந்த முற்றுகை பற்றிய பாடலும் இருக்கிறது.

தொகுப்பில் புகழ் பெற்றவை முதல் மூன்று பாடல்கள்: ‘ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட்’, ‘டெரிட்டரி’, ‘ஸ்லேவ் நியூ வேர்ல்ட்’. கச்சேரிகளில் கூட்டம் ஒரே குரலில் சேர்ந்து கத்தும் பல்லவிகள் இவற்றில் உண்டு. பத்தாவதாக வரும் ‘மானிஃபெஸ்ட்’ அப்படிப்பட்டதல்ல. மேக்ஸ் கவலேராவின் குரல், தொலைபேசி வழியாகவோ பழைய வானொலி வழியாகவோ வருவது போல நசுக்கப்பட்டு ஒலிக்கிறது. அந்தக் குரல் கிழமையைச் சொல்கிறது, தேதியைச் சொல்கிறது, சிறையின் பெயரையும் ஒன்பதாம் கட்டடத்தையும் சொல்கிறது. நூறு பேருக்கு மேல் இறந்தனர் என்று அறிவிக்கிறது. பிரேசில் போலீசின் வன்முறை வெளிநாடுகளுக்கும் தெரிந்ததுதான் என்று குற்றம் சாட்டுகிறது. பின்னணியில் கிதாரும் முரசும் கனமாக விழுந்துகொண்டே இருக்கின்றன. மெட்டுப் போட்ட சரணம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

ரசிகர்களின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது.

“இது பாடலே இல்லை” என்போர்

ஒரு சாராருக்கு ‘மானிஃபெஸ்ட்’ தொகுப்பின் பலவீனமான இடம். அறிக்கை வாசிப்பதை ஒருமுறை கேட்கலாம், பத்துமுறை கேட்க முடியுமா என்பது அவர்களின் கேள்வி. முதல் மூன்று பாடல்களும் எந்தச் சம்பவத்தையும் பெயர் சொல்லிப் பேசவில்லை. அதனால்தான் எந்த நாட்டு இளைஞனும் அவற்றைத் தன் பாடலாக எடுத்துக்கொள்ள முடிந்தது. ‘மானிஃபெஸ்ட்’ ஒரே நாளோடு, ஒரே சிறையோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டது. சம்பவம் மறந்து போனால் பாடலும் மறந்து போகும் என்று இவர்கள் வாதிடுகிறார்கள்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாட்டு என்பது மனப்பாடமாக வேண்டும். பல்லவி இல்லாத பாட்டைக் கச்சேரி முடிந்து வீடு திரும்புகிறவர் முணுமுணுக்க முடியாது. சமூகக் கருத்து சரியாக இருப்பதாலேயே பாடல் நன்றாக அமைந்துவிடாது.

“அதனால்தான் அது நிற்கிறது” என்போர்

மறுதரப்பு, முதல் தரப்பு குறை என்று சொல்வதையே பலம் என்கிறது. கோபத்தை எல்லாரும் பாடலாம். தேதியைப் பாடத் துணிந்தவர்கள் குறைவு என்பது இவர்கள் கட்சி. பாடல் வந்தது, சம்பவம் நடந்த மறு ஆண்டிலேயே. அப்போது விசாரணை முடியவில்லை. யாரும் தண்டிக்கப்படவில்லை. நாள், இடம், கட்டட எண் ஆகியவற்றை ஒலிநாடாவில் பதித்து உலகம் முழுவதும் அனுப்பியதே அந்தப் பாடல் செய்த வேலை என்று இவர்கள் கருதுகிறார்கள்.

தமிழர்களுக்கு இந்த வடிவம் அந்நியமானதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழகச் சந்தைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற சிறு பாட்டுப் புத்தகங்களில் கொலைச் சிந்தும் வெள்ளச் சிந்தும் ரயில் விபத்துச் சிந்தும் இருந்தன. இன்ன ஊர், இன்ன நாள், இன்னார் மகன் என்று தொடங்கி நடந்ததை நடந்தபடி பாடுவது அவற்றின் முறை. புலவர்கள் அவற்றை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவையே செய்தித்தாளாக இருந்தன. இன்று அக்காலத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் அந்தச் சிந்துப் புத்தகங்களைத் தேடித்தான் போகிறார்கள்.

‘மானிஃபெஸ்ட்’ பாடலையும் அந்த அளவுகோலால் பார்க்கலாம். பாட்டு இனிக்கிறதா என்று கேட்பதோடு, தகவல் சேர வேண்டியவர்களுக்குச் சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அடுத்த இரண்டு வாதங்கள் வருகின்றன. அவைதாம் இன்னும் கடினமானவை.

எந்த மொழியில், யாருக்கு?

சிந்து பாடியவர் சந்தையில் நின்றவர்களின் மொழியில் பாடினார். செபுல்துரா கரண்டிருவைப் பற்றி ஆங்கிலத்தில் பாடியது. தொகுப்பு ஒலிப்பதிவானது பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில்.

பிரேசில் ரசிகர்களிடையே இது நெடுநாள் பேச்சு. சிறைக்குள் அண்ணனையோ மகனையோ இழந்த குடும்பத்தால் அந்த ஆங்கில அறிக்கையைப் புரிந்துகொள்ள முடியாது. அப்படியானால் அந்தப் பாடல் யாரிடம் முறையிடுகிறது? நம் வீட்டு அழுக்கை ஊருக்குக் காட்டுகிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஊருக்குக் காட்டினால்தான் வீட்டில் துடைப்பார்கள் என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள்.

இதே சம்பவத்தைப் பற்றிப் போர்த்துகீசிய மொழியில் வந்த பாடல்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கையெதானு வெலோசு, ஜில்பெர்து ஜில் ஆகிய இரு மூத்த கலைஞர்களும் சேர்ந்து 1993-இல் வெளியிட்ட ‘ஹைட்டி’ என்ற பாடல், 111 பேரின் சாவைக் கறுப்பின மக்களின் நிலையோடு சேர்த்துப் பேசியது. 1997-இல் சாவ் பாலோவின் ரசியோனைஸ் எம்சீஸ் என்ற ராப் குழு ‘ஒரு கைதியின் நாட்குறிப்பு’ என்று பொருள்படும் பாடலை வெளியிட்டது. கரண்டிருவில் கைதியாக இருந்த ஜோசெனிர் என்பவரின் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டு, அவரோடு சேர்ந்து எழுதப்பட்ட பாடல் அது. கைதியே தன் வாயால் பேசுவது போல அமைந்தது. அது இடம்பெற்ற தொகுப்பைப் பிரேசிலின் புகழ்பெற்ற காம்பினாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் பின்னாளில் தன் நுழைவுத் தேர்வுக்கான பாட நூல் பட்டியலிலேயே சேர்த்தது.

பிரேசிலில் கரண்டிருவின் பாடல் எது என்று கேட்டால், பெரும்பாலோர் அந்த ராப் பாடலைத்தான் சொல்வார்கள். ‘மானிஃபெஸ்ட்’ அங்கே இரண்டாம் இடத்தில்கூட இல்லை. ஆனால் போர்த்துகீசியம் தெரியாத நாடுகளில் நிலைமை வேறு. போலந்திலோ ஜப்பானிலோ மலேசியாவிலோ கரண்டிரு என்ற சொல் முதன்முதலில் பல இளைஞர்களின் காதில் விழுந்தது இந்த ஆங்கில அறிக்கையின் வழியாகத்தான் இருந்திருக்கும். ராப் பாடல் உள்ளிருந்து உள்ளூர்க்காரர்களிடம் பேசியது. மெட்டல் பாடல் வெளியில் நின்று வெளியூர்க்காரர்களிடம் பேசியது. இரண்டுக்கும் வேலை இருந்தது. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தாழ்த்த வேண்டியதில்லை.

ஒரு பெயர்கூட இல்லை

இந்தப் பாடலின் மேல் வைக்கக்கூடிய கடுமையான குறை வேறொன்று. அதில் இறந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. உத்தரவிட்டவர்களின் பெயரும் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் என்கிறது, போலீஸ் என்கிறது. கொன்றவர் கூட்டமாகவும் இறந்தவர் கூட்டமாகவும் நிற்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றுதான் பாடுகிறது என்றாலும், எண்ணிக்கையாக மட்டுமே அவர்களைக் காட்டிவிடுகிறதே என்ற வருத்தம் எழத்தான் செய்யும்.

இதை வெறும் கலைக் குறையாக ஒதுக்கிவிட முடியாது. கரண்டிரு வழக்கு நீதிமன்றங்களில் தடுக்கி விழுந்ததும் இதே இடத்தில்தான்.

கர்னல் உபிராதானுக்கு 2001-இல் 632 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டின்போது அவர் சிறைக்குச் செல்லவில்லை. 2002-இல் சாவ் பாலோ மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய வேட்பாளர் எண் 111 என்ற இலக்கங்களில் முடிந்தது. 2006-இல் அத்தண்டனை ரத்து செய்யப்பட்டது. அதே ஆண்டு அவர் தம் வீட்டில் கொலையுண்டு கிடந்தார்.

பின்னர் 2013, 2014-ஆம் ஆண்டுகளில், சிறைக் கட்டடத்தின் மாடிவாரியாகப் பிரித்து வழக்குகள் விசாரிக்கப்பட்டன. 70-க்கும் மேற்பட்ட போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. சிலருக்கு 600 ஆண்டுகளுக்கும் மேல். ஆனால் 2016-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது. எந்தப் போலீஸ்காரர் எந்தக் கைதியைச் சுட்டார் என்று தனித்தனியாக நிறுவப்படவில்லை என்பது அங்கு எழுந்த முக்கிய வாதம். கூட்டமாகச் சுட்டார்கள், கூட்டமாக இறந்தார்கள், யாரை யார் என்று கேட்டால் பதில் இல்லை.

உயர்நிலை நீதிமன்றங்கள் தண்டனைகளை மீண்டும் உறுதி செய்தன. 2022 டிசம்பரில், பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில் இருந்த அதிபர் ஜயிர் போல்சொனாரோ, கிறிஸ்துமஸ் பொது மன்னிப்பு ஆணையில் இந்தப் போலீஸ்காரர்களுக்கும் பொருந்தும் பிரிவைச் சேர்த்தார். 2023 ஜனவரியில் கூட்டரசு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024-இல் சாவ் பாலோ நீதிமன்றம் அந்த மன்னிப்பு செல்லும் என்று முடிவு செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் தண்டனைகள் நீக்கப்பட்டன.

32 ஆண்டுகள் ஓடிய பிறகு நிலைமை இதுதான். அரசியல் மேலிடத்தில் இருந்த யாரும் தண்டிக்கப்படவில்லை. 1993-இல் ஓர் இசைக்குழு அவசரமாகப் பதிவு செய்த அறிக்கையில் இல்லாத பெயர்களைப் பின்னால் வந்த நீதியும் பொருத்திக் காட்ட முடியவில்லை.

ரசிகர்களுக்குள்ளும் அரசியல்

மெட்டல் ரசிகர்கள் அனைவரும் ஒரே கருத்துடையவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. “நல்ல கொள்ளையன் செத்த கொள்ளையன்” என்ற பொருளில் பிரேசிலில் வழங்கும் ஒரு சொலவடை உண்டு. அதை நம்புகிறவர்கள் எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள்; மெட்டல் கச்சேரிக்குக் கறுப்புச் சட்டை அணிந்து வருகிறவர்களிலும் இருக்கிறார்கள். 2018 தேர்தல் காலத்தில் சாவ் பாலோவில் ரோஜர் வாட்டர்ஸ் நடத்திய கச்சேரியில் போல்சொனாரோவுக்கு எதிரான வாசகம் திரையில் தெரிந்தபோது, அரங்கில் ஒரு பகுதி கைதட்டியது. இன்னொரு பகுதி கூச்சலிட்டது. பல பத்தாண்டுகளாக அரசியல் பாடுகிற கலைஞரின் ரசிகர்களே அப்படிப் பிரிந்தார்கள்.

‘மானிஃபெஸ்ட்’ பற்றியும் அத்தகைய பிளவு உண்டு. கலவரம் செய்தது கைதிகள்தானே, அதைப் பாடல் ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். போலீஸ் வேலை எவ்வளவு ஆபத்தானது என்று பாடகர்களுக்குத் தெரியுமா என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. குற்றக் கும்பல்களின் கொடுமையை அன்றாடம் அனுபவிப்பவர்கள் ஏழை மக்களே. ரியோ நடவடிக்கைக்குப் பிறகு எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளிலும் அந்நகரத்து மக்களில் பெரும்பாலோர் அதை ஆதரித்தனர்.

ஆனால் கரண்டிருவுக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1993 ஆகஸ்டில், சாவ் பாலோ மாநிலத்தின் தவுபாத்தே சிறையில், ‘பி.சி.சி.’ என்ற கைதிகள் கும்பல் உருவானது. கரண்டிரு படுகொலையைத் தன் பிறப்புக்கான காரணங்களில் ஒன்றாக அது தன் விதிமுறையிலேயே எழுதி வைத்தது. இன்று அது தென் அமெரிக்காவின் மிகப் பெரிய குற்றக் கும்பல்களில் ஒன்று. உலகில் அதிகக் கைதிகள் உள்ள நாடுகளில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்த இடத்தில் பிரேசில் இருக்கிறது. 111 பேரைக் கொன்றதால் குற்றம் குறையவில்லை. சிறைக்குள் அரசை நம்ப முடியாது என்று முடிவு கட்டிய கைதிகளை அந்தக் கும்பல் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. கலவரம் செய்தவர்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு இந்த வரலாறே பதில்.

மலேசியத் தமிழருக்கு இதில் என்ன?

கரண்டிருவையும் மலேசியாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே நடந்தது ஒரே நாளில் நிகழ்ந்த கூட்டுக் கொலை. ஆனால் ‘தடுப்புக் காவலில் மரணம்’ என்ற சொற்றொடரை இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா, தைப்பான் போலீஸ் நிலையத்தில் இறந்த 22 வயது ஏ.குகனின் பெயர் இன்னும் நினைவில் இருக்கிறது. அவருடைய தாயார் தொடுத்த வழக்கில் 2013-இல் உயர் நீதிமன்றம் போலீஸ் தரப்பே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சை ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005-இல். அதற்குப் பதிலாக வந்த ஐ.பி.சி.சி. எனும் போலீஸ் நடத்தை ஆணையம் 2023 ஜூலை 1-ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. அதற்குப் பரிந்துரை செய்யும் அதிகாரம் மட்டுமே உண்டு, தண்டிக்கும் அதிகாரம் இல்லை என்ற குறை தொடக்கத்திலிருந்தே சொல்லப்படுகிறது.

குகனின் பெயர் ஏன் நிலைத்தது? குடும்பத்தினர் விடவில்லை, வழக்கறிஞர்கள் விடவில்லை, தமிழ்ப் பத்திரிகைகள் பெயரையும் வயதையும் படத்தையும் திரும்பத் திரும்ப வெளியிட்டன. அவரைப் போல எத்தனையோ பேர் ‘இன்னோர் ஆடவர்’ என்று நான்கு வரிச் செய்தியோடு மறைந்து போனார்கள். ‘மானிஃபெஸ்ட்’ பற்றிய வாதத்தின் மையம் எட்டாத தூரத்தில் இல்லை என்பதற்கு இதுவே சான்று. எண்ணிக்கை செய்தியாகும். மரணத்தை வழக்காக்குவதற்குப் பெயர் வேண்டும்.

எஞ்சுவது

செபுல்துரா குழுவிலிருந்து மேக்ஸ் கவலேரா 1996-இன் முடிவில் விலகினார். பின்னர் இகோரும் விலகினார். அமெரிக்கப் பாடகர் டெரிக் கிரீனோடு தொடர்ந்த குழு, 2023 டிசம்பரில் விடைபெறும் பயணத்தை அறிவித்தது. மேடைகளில் ‘ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட்’ கேட்டுத்தான் கூட்டம் கத்துகிறது. ‘மானிஃபெஸ்ட்’ கேட்பவர் அரிது.

அந்தப் பாடல் தொகுப்பின் சிறந்த பாடலா என்றால், இல்லை என்று சொல்லும் ரசிகர்கள் பக்கம் இசை ரீதியாக நியாயம் இருக்கிறது. கரண்டிருவைப் பற்றிய சிறந்த பாடலா என்றால், அந்த இடம் கைதியின் குரலில் பேசிய ராப் பாடலுக்கே உரியது. ஆனால் தேர்தல் நாள் முடியும்வரை எட்டு என்று சொல்லப்பட்ட எண்ணிக்கையை, நூற்றுக்கு மேல் என்று உலகுக்கு உரக்கச் சொன்னவர்களில் இந்தக் குழுவும் இருந்தது. தண்டனைகள் நீக்கப்பட்டுவிட்டன. சிறை இருந்த இடம் பூங்காவாகிவிட்டது. அந்த ஒலிப்பதிவில் மட்டும் தேதியும் கட்டட எண்ணும் 1993-இல் சொன்னபடியே இருக்கின்றன.

ரியோவின் பெஞ்ஞா சதுக்கத்தில் கிடத்தப்பட்டவர்களைப் பற்றியும் யாராவது பாடுவார்கள். அந்தப் பாடல் எந்த மொழியில் வரும், அதில் பெயர்கள் இருக்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது. ‘மானிஃபெஸ்ட்’ பற்றி 30 ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வரும் ரசிகர்கள், புதிய பாடல் வந்தால் முதலில் கேட்கப் போவது அந்த இரண்டு கேள்விகளாகத்தான் இருக்கும்.